நாலு கால் முட்டுக்கட்டை!

ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்?

அடேயப்பா! எவ்வளவு கூட்டம்! காவிரி நுங்கும் நுரையுமாக ஓட, படிக்கட்டு முழுக்கத் தலைகள்தான் தெரியும். ஒரு பக்கம் மஞ்சள் கயிறு, காதோலை, கருகமணி. இன்னொரு பக்கம் தூக்குவாளியில் புளியோதரையும் தேங்காய் சாதமும். நடுநடுவே ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்கும்: "பச்சைச் சட்டை போட்ட பையன் ஒருவன் இங்கே இருக்கிறான். பெற்றோர் எங்கிருந்தாலும் உடனே வரவும்!"

அந்தப் பையன் அழுதுகொண்டே தன் பெயரைச் சொல்லி விடுவான். அப்பா பெயர், ஊர் பெயர் எல்லாம் சொல்வான். பத்து நிமிடத்தில் அம்மா ஓடி வந்து, முதுகில் செல்லமாக ஒன்று வைத்து, பிறகு இறுக்கிக் கட்டிக்கொள்வார். கதை சுபமாக முடிந்துவிடும்.

ஆனால், பெயர் சொல்லத் தெரியாத பையன் என்றால்? பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதவன் என்றால்? ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவன் என்றால்? வெயிலில் மினுமினுக்கும் தண்ணீரைப் பார்த்ததும், ஆழம் தெரியாமல் அதை நோக்கியே போகிறவன் என்றால்?

அவனுடைய அம்மாவின் மனம் என்ன பாடுபடும், யோசித்துப் பாருங்கள். அவன் கையை ஒரு நொடிகூட விட முடியாது. பையை எடுக்கவும், சில்லறை கொடுக்கவும், முகத்தைத் துடைக்கவும் கை வேண்டுமே! அந்த ஒரு நொடி போதும்.

அந்த ஒரு நொடியைக் காவல் காக்கத்தான் சில நாடுகளில் நாய்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். 'சேவை நாய்' என்று அதற்குப் பெயர். அது எப்படி வேலை செய்கிறது, எப்படிப் படிக்கிறது என்று பார்ப்போமா?

ஏன் ஓடுகிறார்கள்?

முதலில், அந்தத் தம்பியைப் பற்றித் தெரிந்துகொள்வோம். ஆட்டிசம் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது தொற்று நோய் அல்ல. யார் செய்த தவறும் அல்ல. மூளை உலகத்தைப் புரிந்துகொள்ளும் விதம் பிறவியிலேயே கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது; அவ்வளவுதான். ஆட்டிசம் உள்ளவர்களில் சிலர் நன்றாகப் பேசுவார்கள், கணக்கில் புலியாக இருப்பார்கள். சிலருக்குப் பேச்சே வராது. இதைப் படிக்கும் உங்களில் ஒருவருக்கும் ஆட்டிசம் இருக்கலாம். உங்கள் வகுப்புத் தோழனுக்கோ, தங்கைக்கோ இருக்கலாம்.

இவர்களில் பல குழந்தைகளுக்குத் திடீரென்று ஓடிவிடும் வழக்கம் உண்டு. அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 1,200-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பெற்றோரிடம் விசாரித்து, 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நான்கு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது இப்படி ஓட முயன்றவர்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர்!

குறும்புக்காக ஓடுகிறார்களா? இல்லை. சத்தமும் கூட்டமும் தாங்காமல் ஓடுகிறார்கள். பிடித்த இடத்துக்குப் போக ஓடுகிறார்கள். சிலர் ஓடும் மகிழ்ச்சிக்காகவே ஓடுகிறார்கள். எதிரில் லாரி வருகிறதா, ஆறு ஓடுகிறதா என்பது அந்த நேரத்தில் அவர்கள் மனதில் பதிவதில்லை. அதனால்தான் சாலையும் தண்ணீரும் இவர்களுக்குப் பெரிய ஆபத்து.

குட்டி நாயின் பள்ளிக்கூடம்

சேவை நாய் வேலைக்கு லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் வகை நாய்களைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். சாது, பொறுமைசாலி, மனிதர்களோடு ஒட்டிக்கொள்ளும் குணம். இன்னொரு முக்கியமான காரணம், சாப்பாட்டு ராமன்கள்! ஒரு பிஸ்கட் துண்டு கிடைக்கும் என்றால், ஒரே பாடத்தை நூறு முறை படிக்கவும் தயார்.

சுமார் எட்டு வாரம் ஆனதும் குட்டியை ஒரு குடும்பத்தில் வளர்க்க விடுகிறார்கள். முதல் பாடம், எதற்கும் மிரளாமல் இருப்பது. கடைவீதி, ரயில் நிலையம், பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்துக்கும் அழைத்துப் போவார்கள். நம் திருச்சியில் இப்படி ஒரு பள்ளிக்கூடம் இருந்தால், குட்டியைக் காந்தி மார்க்கெட்டுக்கும், சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் தினமும் கூட்டிப் போக வேண்டியிருக்கும். ஒன்றாம் நம்பர் பஸ்ஸின் ஹாரன், நாதஸ்வரம், மேளம், தீபாவளி வெடி எதற்கும் அது வாலைச் சுருட்டக் கூடாது!

ஒன்றரை வயது வாக்கில் உண்மையான பயிற்சி தொடங்குகிறது. எல்லாக் குட்டிகளும் தேறுவதில்லை. பூனையைக் கண்டால் துரத்துவது, வெடிச் சத்தத்துக்கு நடுங்குவது என்றிருந்தால் 'பெயில்'தான். ஆனால் அதற்காக யாரும் திட்டுவதில்லை. அன்பான ஒரு வீட்டில் செல்லப் பிராணியாகச் சந்தோஷமாக வாழப் போய்விடும்.

தேறியவற்றுக்கு மூன்று பெரிய பாடங்கள் உண்டு.

பாடம் ஒன்று: நில்!

ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரைப் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டை தெரிந்திருக்கும். அத்தனை பெரிய தேர், ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்து இழுக்க, ஆடி அசைந்து வரும். அதை நிறுத்துவது எது? சக்கரத்தின் அடியில் சட்டென்று கொடுக்கப்படும் ஒரு மரக்கட்டை! வீட்டில், "எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடாதே" என்று திட்டுவார்கள். ஆனால் அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் என்ன ஆகும்?

சேவை நாய், குழந்தைக்கு நாலு கால் முட்டுக்கட்டை.

வெளியே போகும்போது நாய்க்கு ஒரு மேலங்கி போடுகிறார்கள். குழந்தையின் இடுப்பில் ஒரு பட்டை. இரண்டையும் ஒரு நாடா இணைக்கிறது. நாயின் கழுத்து வார் மட்டும் அம்மா அல்லது அப்பா கையில். நாய்க்குக் கட்டளை இடுவது பெரியவர்தான். இதை நன்றாக நினைவில் வையுங்கள்: நாயை நம்பிக் குழந்தையைத் தனியே அனுப்புவது கிடையாது.

நடந்துகொண்டே இருக்கும்போது குழந்தை திடீரென்று ஓடப் பார்க்கிறது. நாடா இழுபடுகிறது. உடனே நாய் என்ன செய்யும்? குரைக்காது. கடிக்காது. குழந்தையைத் திரும்ப இழுக்கவும் செய்யாது. அப்படியே நின்றுவிடும்! கால்களை ஊன்றி நிற்கும், அல்லது உட்கார்ந்துவிடும். முப்பது கிலோ எடை. ஏழு வயதுக் குழந்தையால் அதை நகர்த்த முடியாது. அம்மாவுக்கு நாலைந்து நொடி கிடைக்கிறது. அது போதும்.

'நிற்பது ஒரு வித்தையா?' என்று கேட்கிறீர்களா? நாய்க்கு அதுதான் மிகக் கடினம்! யாராவது ஓடினால் கூடவே ஓடுவதுதான் நாயின் இயல்பு. அதை மாற்ற வேண்டும். எனவே முதல் நாள், பயிற்சியாளர் நாடாவை மெல்ல இழுப்பார். நாய் நின்றால் பிஸ்கட். மறுநாள் கொஞ்சம் வேகமாக. பிறகு ஓடிக்கொண்டே. பிறகு எதிரில் பந்து உருளும்போது. பிறகு கீழே சாப்பாடு கிடக்கும்போது. 'இழுபட்டால் நிற்க வேண்டும்' என்பது யோசிக்காமலே வரும்வரை, நாள்தோறும் இதே பாடம்தான்.

குழந்தை பெரிதாகிவிட்டால் இந்த முறை பயன்படாது. பன்னிரண்டு வயதுப் பையன் இழுத்தால் நாய்க்குத்தான் அடிபடும். அதனால் சிறு குழந்தைகளுக்கு மட்டுமே நாடா.

பாடம் இரண்டு: கண்டுபிடி!

வீட்டுக் கதவு திறந்திருந்த நேரத்தில் குழந்தை வெளியே போய்விட்டால்? அதற்கும் சில நாய்களைப் பழக்குகிறார்கள்.

நம் எல்லோர் உடம்பிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத தோல் துணுக்குகள் ஒவ்வொரு நிமிடமும் ஆயிரக்கணக்கில் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. நாம் நடந்த வழியெல்லாம் நம் வாசனை கோலப்பொடி மாதிரி கொட்டிக் கிடக்கிறது! நமக்கு அது தெரியாது. நம் மூக்கில் வாசனையை உணரும் செல்கள் சில பத்து லட்சங்கள்தான். மோப்பத்தில் சிறந்த நாய்களுக்கோ 20 கோடிக்கு மேல்!

இந்தப் பாடம் ஐஸ்பாய் விளையாட்டில் தொடங்குகிறது. நாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழந்தை ஓடி மரத்தின் பின்னால் ஒளியும். நாய் கண்டுபிடித்தால் ஒரே கொண்டாட்டம்; தட்டிக்கொடுத்தல், தின்பண்டம். அடுத்து, நாய் பார்க்காதபோது ஒளிய வேண்டும். குழந்தை போட்டுக் கழற்றிய சட்டையை முகரக் கொடுப்பார்கள். தூரம் கூடும். பத்து நிமிடம் கழித்துத் தேடு, அரை மணி கழித்துத் தேடு என்று நேரமும் கூடும்.

வைகுண்ட ஏகாதசிக்கு முன்னால் ஸ்ரீரங்கம் கோயில் பகுதியைப் போலீஸ் மோப்ப நாய்கள் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூக்கு ஒன்றுதான். ஆனால் போலீஸ் நாய்க்கு வெடிமருந்து வாசனையோ, திருடன் வாசனையோ பாடம். சேவை நாய்க்கு இந்த உலகத்திலேயே ஒரே ஒரு வாசனை முக்கியம். அது, அதன் குழந்தையின் வாசனை.

பாடம் மூன்று: பக்கத்தில் இரு!

சத்தம் தாங்காமல் குழந்தை கத்தி அழும்போது, நாய் வந்து அதன் மடியில் தலையை வைக்கும். அல்லது கால்களின் மேல் படுத்துக்கொள்ளும். அந்தக் கதகதப்பும் கனமும் பல குழந்தைகளுக்கு நிம்மதி தருகிறது. பாட்டி நம்மை அணைத்துக்கொண்டால் அழுகை நிற்கிறதே, அது மாதிரி!

கனடாவில் விஞ்ஞானிகள் ஆட்டிசம் உள்ள 42 குழந்தைகளின் எச்சிலைச் சோதித்தார்கள். மன அழுத்தம் கூடும்போது கார்டிசால் என்ற ஹார்மோன் கூடும். காலையில் விழித்த சற்று நேரத்தில் அது எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார்கள். நாய் வருவதற்கு முன் 58 சதவீதம் ஏறியது. நாய் வீட்டில் இருந்த வாரங்களில் 10 சதவீதம்தான்! சிறிது காலத்துக்கு நாயைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது மறுபடி 48 சதவீதம்! 2010-ல் வெளியான ஆய்வு இது. பேச வராத குழந்தை, 'எனக்கு இந்த நாய் வேண்டும்' என்று எச்சிலால் எழுதிக் காட்டியது போல இல்லை?

யார் தொடங்கினார்கள்?

முதலில் பார்வையற்றவர்களுக்குத்தான் நாய்களைப் பழக்கினார்கள். முதல் உலகப் போரில் கண் இழந்த வீரர்களுக்காக, ஜெர்மனியில் 1916-ல் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கியது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு நாய் பழக்குவதில், கனடாவில் 1996-ல் தொடங்கிய 'நேஷனல் சர்வீஸ் டாக்ஸ்' என்ற அமைப்பு முன்னோடி.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த கேரன் ஷிர்க்கின் கதை இன்னும் சுவையானது. இளம் வயதிலேயே தசைகள் வலுவிழக்கும் நோய் அவரைத் தாக்கியது. மூச்சு விடக்கூட இயந்திரம் வேண்டும். தனக்கு உதவ ஒரு நாய் கேட்டு அமைப்புகளுக்கு விண்ணப்பித்தார். 'உங்கள் நிலைமைக்கு நாய் தர முடியாது' என்று மறுத்துவிட்டார்கள்!

கேரன் சோர்ந்துவிடவில்லை. 'பென்' என்ற கருப்பு ஜெர்மன் ஷெப்பர்டு குட்டியை வாங்கித் தானே பழக்கினார். ஒருநாள் அவர் மயங்கிக் கிடந்தபோது தொலைபேசி மணி அடித்தது. பென் ரிசீவரை எடுத்துக் கீழே போட்டுக் குரைத்தது, குரைத்துக்கொண்டே இருந்தது. மறுமுனையில் கேரனின் அப்பா! ஏதோ விபரீதம் என்று புரிந்துகொண்டு உதவிக்கு ஆள் அனுப்பினார். கேரன் பிழைத்தார்.

'என்னைப் போல எத்தனை பேரை இப்படித் திருப்பி அனுப்பியிருப்பார்கள்' என்று நினைத்த கேரன், 1998-ல் '4 பாஸ் ஃபார் எபிலிட்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார். மற்றவர்கள் 'சின்னக் குழந்தைக்கு நாய் தர மாட்டோம்' என்று சொன்ன காலத்தில், குழந்தைகளுக்காகவே நாய்களைப் பழக்கினார். காணாமல் போகும் குழந்தையைத் தேடிப் பிடிக்கும் நாய்களும் அதில் உண்டு.

நம் ஊரில்?

தமிழ்நாட்டிலும் நாய்கள் இந்தக் குழந்தைகளுக்கு நண்பர்களாகி இருக்கின்றன. சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 2000-களில் 'டாக்டர் டாக்' என்ற திட்டத்தை நடத்தியது. சாதுவான வளர்ப்பு நாய்களைத் தேர்வு வைத்துப் பார்த்து, சிறப்புக் குழந்தைகளைப் பார்க்க அழைத்துப் போனார்கள். ஊசி போடாத, கசப்பு மருந்து தராத டாக்டர்! ஆனால் இவை வந்து பார்த்துவிட்டுப் போகிற நாய்கள். சேவை நாயோ ஒரே குழந்தையோடு, ஒரே வீட்டில், இரவும் பகலும் இருக்கும்.

நம் ஊருக்கு என்று சில சிக்கல்களும் உண்டு. ஒரு நாயைப் பழக்கி முடிக்க இரண்டு ஆண்டு போல ஆகும். பல லட்சம் ரூபாய் செலவு. அடுத்தது வெயில். அக்னி நட்சத்திரத்தில் திருச்சித் தார்ச் சாலையில் நாம் செருப்பில்லாமல் நடப்போமா? லாப்ரடார் குளிர்நாட்டு நாய். அதற்குச் செருப்பும் இல்லை. நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்கவும் செய்யாது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். (உங்கள் வீட்டு நாயை வெளியே கூட்டிப் போகும் முன் புறங்கையைத் தரையில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால், அதற்கும் சுடும்.) வெயிலிலும் காற்றிலும் வாசனைத் தடமும் சீக்கிரம் கலைந்துவிடும்.

அதற்காக, 'நம் வீட்டு மணியை நானே பழக்கித் தம்பிக்குக் கட்டி விடுகிறேன்' என்று கிளம்பிவிடாதீர்கள்! பழக்கப்படாத நாய் பூனையைப் பார்த்து ஓடினால் தம்பியையும் இழுத்துக்கொண்டு போகும்.

அப்படியானால், நாய் இல்லாத ஊரில் அந்தத் தம்பிக்கு முட்டுக்கட்டை யார்?

நீங்கள்தான்!

வேடிக்கை இல்லை. சேவை நாய் செய்யும் வேலையைத் திரும்பப் பாருங்கள். கவனமாக இருக்கிறது. ஓடுபவனைத் துரத்தாமல் நிதானமாக நிற்கிறது. தொலைந்தால் தேடுகிறது. அழுதால் பக்கத்தில் இருக்கிறது. இதில் எது நம்மால் முடியாது?

உங்கள் தெருவில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், அதன் பெயரையும் வீட்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ன பிடிக்கும், எதைக் கண்டால் பயம் என்று அதன் அம்மாவிடம் கேளுங்கள். தனியாகத் தெருவில் பார்த்தால், உடனே அந்த வீட்டுக்குச் சொல்லுங்கள். அந்த அம்மா தினமும் ஏங்குவது இப்படிப்பட்ட நாலு ஜோடிக் கண்களுக்குத்தான்.

அடுத்த ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் போகும்போது, காவிரியைப் பார்க்கும் கண்ணால் சுற்றிலும் ஒருமுறை பாருங்கள். காதைப் பொத்திக்கொண்டு தண்ணீரை நோக்கி ஒரு குழந்தை தனியே நடக்கிறதா? உங்கள் ஒரு குரல், அந்த நாலைந்து நொடியை வாங்கித் தரும்.

என்ன குட்டீஸ், முட்டுக்கட்டை போடத் தயாரா?

நினைவில் வையுங்கள்!

* குழந்தையைக் காணோம் என்றால், முதலில் தண்ணீர் இருக்கும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஆறு, வாய்க்கால், குளம், கிணறு, தொட்டி.

* நீங்கள் தண்ணீரில் குதிக்கக் கூடாது. சத்தம் போட்டுப் பெரியவர்களை அழையுங்கள்.

* வழி தவறிய குழந்தையைச் சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். பதில் வராவிட்டால் சட்டைப் பையில் அட்டை, கையில் பட்டை இருக்கிறதா என்று பெரியவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

* உதவிக்கு அழைக்க: அவசர உதவி 112, குழந்தைகள் உதவி எண் 1098.

* மேலங்கி போட்டு வேலையில் இருக்கும் நாயைத் தொடாதீர்கள், தின்பண்டம் கொடுக்காதீர்கள். அதன் கவனம் சிதறினால் ஒரு குழந்தைக்கு ஆபத்து.

கோவிவனைத் தெரியுமா?

காவல் காத்த நாயைக் கொண்டாடுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட நடுகல் ஒன்று உண்டு. பல்லவ மன்னர் மகேந்திரவர்மன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்ட கல் அது. அவனுடைய உருவத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நாயின் உருவம்! இரண்டு கள்ளர்களைக் கடித்து, விலகாமல் காத்து நின்றதாம். கல்வெட்டு அந்த நாயின் பெயரையும் மறக்காமல் பொறித்து வைத்திருக்கிறது: கோவிவன்.